பால்கனிக்கு எதிரே ஒரு பெஞ்சு

விற்பனைக்கு வந்த லென்ஸை வாங்கப் போன இடத்தில், விற்கிற ஆளாகச் சொந்தத் தங்கையே வந்து எதிரில் உட்கார்ந்தால் எந்த அண்ணனுக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். பூசணத்தாருக்கும் ஒட்டிக்கொண்டது. போன வாரம் அவரைப் பேருந்து நிலையத்துக் காபிக் கடையில் அந்தக் கோலத்தில்தான் விட்டுவிட்டு வந்தோம்.

பூசணத்தார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பிழைப்புக்குப் பல் செட் செய்கிறவர், ஆசைக்குப் படம் எடுக்கிறவர். புது லென்ஸ் வாங்குகிற வசதி கிடையாது. பழசாகப் பார்த்து ஒன்று வாங்குவார், கொஞ்ச நாள் கொஞ்சுவார், விற்றுவிட்டு இன்னொன்றுக்குப் போவார். யார் எதை விற்க வந்தாலும் அவருடைய முதல் கேள்வி, "உள்ளே பூசணம் இருக்கா?" என்பதுதான். கண்ணாடிக்குள் வெள்ளை நூலாகப் படருமே, அந்தப் பூசணம்தான் பழைய லென்ஸுக்கு எமன். கேட்டுக் கேட்டு, பழைய லென்ஸ் வாங்கி விற்கிற குழுவில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. தான் விற்கிற பொருளில் ஊசிமுனைக் கீறல் இருந்தாலும் அதைத் தனியாகப் படம்பிடித்துப் போட்டுவிடுவார். பூசணத்தார் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பது அந்தக் குழுவில் எழுதாத சட்டம்.

அப்படி வாங்க வந்தவர்களில் ஒருவர்தான் செகரட்டரி. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்கச் செயலாளர். லென்ஸ் பார்க்க வந்தார், காபி குடித்தார், ஓடாமல் கிடந்த மின்விசிறியைத் தானாகவே ஏறிச் சரிசெய்தார், பூசணத்தாரின் தங்கையைப் பார்த்தார். கல்யாணத்தில் முடிந்தது. "லென்ஸை வித்துட்டு மாப்பிள்ளையை வாங்கிட்டு வந்தவன்" என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் பூசணத்தாரைக் கேலி செய்வதுண்டு. பறவைகளைப் படமெடுக்க வேண்டும் என்று மாப்பிள்ளை ஆசைப்பட்டபோது, நீளமான பழைய தூரப்பார்வை லென்ஸ் ஒன்றை அலைந்து திரிந்து தேடிக் கொடுத்ததும் இவர்தான்.

அந்த லென்ஸைத்தான் 'வெள்ளைப்பூனை' என்ற பெயரில் யாரோ குழுவில் விற்பனைக்குப் போட்டிருந்தார்கள். விளிம்பில் இருந்த பிறை மாதிரியான நசுங்கலைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் திருடு போயிருக்கிறது, கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்துவிடலாம் என்று, தன் பெயரைக் காட்டாமல் செய்தி அனுப்பி இடம் குறித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். வெள்ளைப்பூனை தன் தங்கை என்று எந்தச் சாமி வந்து அவருக்குச் சொல்லியிருக்கும்?

இனி நடந்ததைப் பார்ப்போம்.

தங்கை துணிப்பையை மேஜைமேல் வைத்தாள். அவளுக்கும் அண்ணனைக் கண்ட அதிர்ச்சி குறையவில்லை. ஆனால் எழுந்து ஓடவில்லை.

"இது மாப்பிள்ளையோட லென்ஸ் பாப்பா."

"ஆமா."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் ஏண்ணா பூனைன்னு பேர் வெச்சுக்கிட்டு வரப் போறேன்?"

"பணம் ஏதாவது தேவைப்படுதா? என்கிட்ட ஒரு வார்த்தை..."

"பணம் வேண்டாம். நீ சும்மாவே எடுத்துட்டுப் போ. இல்ல, குப்பையில போடு. திரும்ப அந்த வீட்டுக்குள்ள மட்டும் இது வரக்கூடாது."

பூசணத்தார் பழக்க தோஷத்தில் பைக்குள் கையை விட்டு லென்ஸைத் தடவிப் பார்த்தார். மூடி இருக்கிறது, வளையம் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. இதில் என்ன வெறுப்பு இவளுக்கு?

"பறவை எடுக்கத்தானே வாங்கினாரு?"

"ஒரு பறவையாவது உனக்குக் காட்டியிருக்காராண்ணா?"

யோசித்தார். காட்டியதில்லை. வெளிச்சம் சரியில்லை, அசங்கிவிட்டது, இன்னும் திருத்தவில்லை என்று ஏதாவது சொல்வார். அடக்கமான மனுஷன் என்று இவரும் விட்டுவிட்டார்.

தங்கை தன் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். கணவனின் கணினித் திரையை அவள் திருட்டுத்தனமாகப் பிடித்த படம். திரை முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள். எல்லாவற்றிலும் அவளேதான்.

விலங்கு மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் அவள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பூனைக்கூண்டை வாங்கி வைக்கிற அவள். வாசலில் மரத்தடி பெஞ்சில் டிபன் டப்பாவைத் திறக்கிற அவள். டாக்டரம்மாவோடு சிரிக்கிற அவள். நாயைக் கொண்டுவந்த யாரோ ஒரு ஆளுக்கு வழி காட்டுகிற அவள். அதில் அந்த ஆளின் முகம் மட்டும் தனியாகப் பெரிதாக்கப்பட்டிருந்தது. ஒரு படத்தில் அவள் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"எங்க பால்கனிக்கு நேர் எதிர்ல, பார்க்குக்கு அந்தப் பக்கம்தானே ஆஸ்பத்திரி" என்றாள். "மேல் மாடியில இருந்து பார்த்தா பெஞ்சு நல்லாத் தெரியும். வெறுங்கண்ணுக்கு எறும்பு மாதிரி. இதுல பார்த்தா நான் சாப்பிடற சோத்துப் பருக்கை கூடத் தெரியும்."

பூசணத்தாருக்கு வாயில் வைத்த காபி கசந்தது.

"சாயங்காலம் வீட்டுக்குப் போனா, சும்மா கேக்கற மாதிரி கேப்பாரு. மதியம் யாரோட சாப்பிட்ட, என்ன பேசினீங்கன்னு. நானும் வெள்ளந்தியா சொல்லிட்டு இருந்தேன். ஒரு நாள் அசதியில மாத்திச் சொல்லிட்டேன். தனியாத்தான் சாப்பிட்டேன்னு. அதுக்கப்புறம் என்கூடப் பேசவே இல்ல. ஏன்னும் சொல்லல. நான் என்ன தப்புப் பண்ணேன்னு தெரியாமலே மன்னிப்புக் கேட்டுட்டு இருந்தேண்ணா."

"அடிச்சாரா?"

"அடிச்சிருந்தா காட்டறதுக்கு ஒரு தழும்பாவது இருந்திருக்கும்."

அக்கம்பக்கத்து மேஜைகளில் பெட்டியும் படுக்கையுமாக ஜனங்கள் வந்து உட்கார்ந்து எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரு பேருந்து இருந்தது.

"ஏன் பாப்பா என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப? 'பாசம்மா, கொஞ்சம் அதிகமாக் காட்டறாரு'ன்னு சொல்லியிருப்ப."

பூசணத்தார் அச்சு அசலாக அதைத்தான் சொல்லியிருப்பார்.

சனிக்கிழமை சங்கக் கூட்டம். செகரட்டரி காலையிலிருந்தே கீழே இருப்பார். அந்த நேரத்தில் சான்றிதழ்களையும் நாலு துணிமணியையும் எடுத்துக்கொண்டு டாக்டரம்மா வீட்டு மாடி அறைக்குப் போய்விடுவதாக ஏற்பாடு. அன்றைக்கு லென்ஸ் அந்த பால்கனியில் இருக்கக் கூடாது. நடுவில் மேலே ஏறி வந்தாலும், அவள் பையைத் தூக்கிக்கொண்டு போவதை அவர் பார்த்துவிடக் கூடாது. இவ்வளவுதான் அவள் திட்டம். சனிக்கிழமை வரை அண்ணன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

"திறக்க மாட்டேன்" என்றார் பூசணத்தார்.

சொல்லி வாய் மூடவில்லை, கைப்பேசி அடித்தது. திரையில் 'மாப்பிள்ளை' என்று விழுந்தது.

தங்கையின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. எடு என்று கண்ணால் சொன்னாள். எடுக்காவிட்டால் ஏன் எடுக்கவில்லை என்று ஒரு கேள்வி வரும்.

"மச்சான், ஒரு அநியாயம் நடந்து போச்சு" என்றது செகரட்டரியின் குரல். எப்போதும் போல வெண்ணெயில் இறங்கிய கத்தி மாதிரி நிதானம். "நீங்க தேடிக் குடுத்த லென்ஸைக் காணோம். யாரோ குழுவுல விக்கப் போட்டுட்டு உடனே அழிச்சிருக்காங்க. ஒரு பையன் படம் பிடிச்சு வெச்சிருந்தான், அனுப்பினான். நம்மளோடதுதான்."

"அப்படியா" என்றார் பூசணத்தார். தன் குரல் தனக்கே பிளாஸ்டரில் வார்த்த மாதிரிக் கேட்டது.

"வீடு துடைக்க வர்ற அம்மாதான். வேற யாரும் உள்ள வர்றதில்லையே. சங்க ரூம்ல உக்கார வெச்சிருக்கேன். நான் எடுக்கல, எடுக்கலன்னு ஒரே அழுகை. ஒத்துக்கற வரைக்கும் எழுந்திரிக்க விடறதா இல்ல. மச்சான், நீங்க லேப்லதானே? மதியம் வர்றேன். வாங்கற மாதிரி அந்த வெள்ளைப்பூனைக்கு ஒரு மெசேஜ் போடணும். உங்க பேரைப் பார்த்தா பதில் வந்துடும்."

"வாங்க மாப்பிள்ளை" என்றார். வேறு என்ன சொல்ல முடியும்?

தங்கைக்கு எல்லாம் கேட்டிருந்தது. அவள் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"அந்தம்மா என்னண்ணா பண்ணுச்சு பாவம்? நான் சொல்லிடறேன். நான்தான் எடுத்தேன்னு சொல்லிடறேன்."

"சொன்னா?"

"சொன்னா சனிக்கிழமை கிடையாது. எந்தக் கிழமையும் கிடையாது."

எழுந்துவிட்டாள். மதிய இடைவேளைக்கு முன் மேஜைக்குத் திரும்ப வேண்டும். லென்ஸ் இல்லாத பால்கனிக்குப் பயந்து அவள் ஓட, பூசணத்தார் துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

*

பல் செட் செய்கிற கூடம் ஒரு மாடிப்படிக்கு அடியில் நீளவாக்கில் ஒடுங்கிக் கிடக்கும். ஒரு பக்கம் சுவரோடு சுவராகப் பலகைகள். அவற்றில் ஊரார் வாய்களின் பிளாஸ்டர் அச்சுகள் வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். வழியென்று ஒன்றுதான், அதே வாசல்தான் ஜன்னலும்.

பூசணத்தார் ஸ்டூலில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்தார். அவள் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் வேலை செய்கிறவள். மறுமுனையில் யார் கத்தினாலும் கதறினாலும் இடம் எது, மூச்சு இருக்கிறதா என்று கேட்டே பழக்கப்பட்டவள். இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

அவர் தலையும் வாலுமாகக் கொட்டித் தீர்த்தார். அவள் இடையில் புகவில்லை. முடிந்ததும் கேட்டாள்.

"அவ இப்ப எங்க இருக்கா?"

"வேலையில."

"தனியாவா?"

"டாக்டரம்மா கூட இருக்காங்க."

"லென்ஸ்?"

"என் மடியில."

"சரி. மாப்பிள்ளை வந்து நல்ல வார்த்தையா நாலு சொல்லுவாரு. நீங்க அந்த நாலாவது வார்த்தையிலேயே உருகி எடுத்துக் குடுத்துடுவீங்க."

"அப்படியெல்லாம்..."

"என்னங்க, உங்களை எனக்குத் தெரியாதா? ஹோட்டல்ல தப்பான சாப்பாடு வந்தா அதையும் சாப்பிட்டுட்டு நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டு வர்ற ஆளு நீங்க. அது அவர் கைக்குத் திரும்பப் போனா பிரயோஜனப்படக் கூடாது. அதுக்கு வழி பாருங்க. உங்களுக்குத் தெரியாத வேலையா?"

போனை வைத்த பிறகும் அவர் லென்ஸையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழி தெரியும். தெரிந்ததுதான் சங்கடம். வாழ்க்கையில் எத்தனையோ லென்ஸ்களுக்குப் பூசணம் துடைத்திருக்கிறார், துருப்பிடித்த வளையங்களுக்கு உயிர் கொடுத்திருக்கிறார். ஒன்றையும் கெடுத்ததில்லை. அழுக்கு விரலால் கண்ணாடியைத் தொடுகிற ஆளைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மெழுகு செதுக்கும் கருவிகளுக்கு நடுவிலிருந்து மிகச் சின்னத் திருப்புளியை எடுத்தார். பின்பக்கத்துத் திருகுகளைக் கழற்றினார். உள்ளே இருந்த சிறு கண்ணாடியைக் காற்றுப் பந்தால் உறிஞ்சி எடுத்து, முன்பக்கம் பின்னால் போகும்படி புரட்டி வைத்து, திரும்பவும் மூடினார். வெளியிலிருந்து பார்த்தால் பொட்டு வித்தியாசம் தெரியாது. உள்ளிருந்து பார்த்தால் உலகமே கஞ்சி.

கைக்குழந்தைக்குத் தெரிந்தே தப்பான ஊசி போட்டுவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

செகரட்டரி மதியம் வந்தார். கையில் கேமரா பை, முகத்தில் புன்சிரிப்பு, மச்சானுக்கென்று ஒரு பொட்டலம் ஆரஞ்சு.

"உடம்பைப் பார்த்துக்கறதே இல்ல நீங்க. இந்தத் தூசியில மாஸ்க் போடாம உக்காந்திருக்கீங்களே" என்று உண்மையான அக்கறையோடு கடிந்துகொண்டார். வாசலை அடைத்த மாதிரி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பலகையிலிருந்து ஒரு பிளாஸ்டர் தாடையை எடுத்து மேலும் கீழும் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தார். டக், டக்.

"ஆரம்பிக்கலாமா மச்சான்? 'லென்ஸ் இன்னும் இருக்கா, இப்பவே வந்து வாங்கிக்கறேன்'னு போடுங்க."

பூசணத்தார் கைப்பேசியை எடுத்தார். வெள்ளைப்பூனையோடு அவர் முன்பே பேசியதெல்லாம் அதில் அப்படியே இருந்தது. இன்று காலை எங்கே சந்திப்பது என்பது உட்பட. பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தால் தீர்ந்தது கதை. திரையைத் தன் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டார்.

டக், டக்.

"என்ன யோசனை?"

"அந்தம்மா இன்னும் சங்க ரூம்லதான் இருக்காங்களா?"

"தண்ணி குடுத்திருக்கேன், ஃபேன் போட்டிருக்கேன். நான் என்ன அரக்கனா? வீட்டுல பிள்ளை ஸ்கூல் விட்டு வந்துடும்னு சொல்லுச்சு. ஒத்துக்கிட்டா போகட்டுமே, யாரு வேண்டாங்கறா?"

ஒடுங்கிய அந்தக் கூடம் இன்னும் ஒடுங்கியது. செய்தி அனுப்பினால் தங்கை மாட்டுவாள். அனுப்பாவிட்டால் அந்த அம்மாள் எழுந்திருக்க முடியாது. தாடைகள் எல்லாம் அவரைப் பார்த்து இளித்தன.

பூசணத்தார் எழுந்தார். கீழ் அலமாரியைத் திறந்து துணிப்பையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நான்தான் மாப்பிள்ளை."

டக் சத்தம் நின்றது.

"போன தடவை உங்க வீட்டுக்கு வந்தப்ப எடுத்துட்டு வந்துட்டேன். நான்தான் வேற பேர்ல விக்கப் போட்டேன். மனசு உறுத்துச்சு, அழிச்சுட்டேன்."

செகரட்டரி அவரைக் கண்கொட்டாமல் பார்த்தார். கோபம் இல்லை. ஆச்சரியம் கூட இல்லை. ஏதோ எதிர்பார்த்த பேருந்து கொஞ்சம் தாமதமாக வந்து நின்ற மாதிரி ஒரு பார்வை.

"நீங்களா?"

"ஆசை மாப்பிள்ளை. தேடி எடுத்துக் குடுத்ததுல இருந்து மனசு அதுமேலயே இருந்துச்சு. இந்தப் பைத்தியம் உங்களுக்குத் தெரியாததா? முதல்ல அந்தம்மாவை அனுப்புங்க. என் எதிர்லயே சொல்லுங்க."

செகரட்டரி சங்க அறைக்குப் போன் செய்து காவலாளியிடம் சொன்னார். மறுமுனையில் நாற்காலி தேய்கிற சத்தமும், மூக்கை உறிஞ்சிக்கொண்டு யாரோ போகிற சத்தமும் பூசணத்தாருக்குக் கேட்டன. ஒரு பாரம் இறங்கியது. அடுத்த பாரம் உடனே ஏறியது.

"மச்சான், குடும்பத்துக்குள்ள நடந்தது. வெளியில போகாது" என்றார் செகரட்டரி, கைப்பேசியை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தபடி. "இப்ப சொன்னதை இதைப் பார்த்து ஒரு தடவை சொல்லிடுங்க. நாளைக்கு அந்தம்மா சங்கத்துல கேள்வி கேட்டா எனக்கும் ஒரு ஆதாரம் வேணுமில்ல?"

ஊசிமுனைக் கீறலைக்கூட மறைக்காத பூசணத்தார், கைப்பேசியைப் பார்த்து, தான் திருடன் என்று சொன்னார். காது வரை சூடேறியது. குழுவில் இது ஒரு நாள் சுற்றினால் போதும், இனி யாரும் அவரிடம் ஒரு மூடிகூட வாங்க மாட்டார்கள்.

செகரட்டரி லென்ஸைக் கேமராவில் மாட்டினார். வாசலுக்கு வெளியே தெருக்கோடியைப் பார்த்து வளையத்தைச் சுற்றினார். இந்தப் பக்கம் சுற்றினார், அந்தப் பக்கம் சுற்றினார். அவர் கழுத்து நரம்பு மெல்ல எழும்பியது.

"என்னாச்சு இதுக்கு? எல்லாம் கலங்கித் தெரியுது."

"கீழ விழுந்துடுச்சு மாப்பிள்ளை. உள்ள ஒரு கண்ணாடி நகர்ந்திருக்கு. கடையில குடுத்தா பிரிச்சுப் போட்டுக் கெடுத்துடுவாங்க. நான்தான் சரி பண்ணணும். ஞாயிற்றுக்கிழமை தந்துடறேன்."

செகரட்டரி கேமராவை இறக்கினார். முதல் தடவையாக அந்தப் புன்சிரிப்பு இல்லாத முகத்தைப் பூசணத்தார் பார்த்தார். அது ஒரு கணம்தான். திரும்பவும் சிரிப்பு வந்து உட்கார்ந்துவிட்டது.

"ஞாயிறு எதுக்கு? சனிக்கிழமை காலையில நானும் அவளும் சேர்ந்தே வர்றோம். கூட்டத்தைத் தள்ளி வெச்சுட்டேன். அன்னிக்கு முழுக்க அவகூடவே இருக்கலாம்னு இருக்கேன்."

ஆரஞ்சை வாடவிடாமல் சாப்பிடச் சொல்லிவிட்டு, லென்ஸை வைத்துவிட்டுப் போனார்.

*

"சனிக்கிழமை வேண்டாம்" என்றாள் மனைவி போனில். "அவருக்கு மூக்கு வேர்த்துடுச்சு. சான்றிதழ் கிடக்கட்டும், அப்புறம் வாங்கிக்கலாம். நீங்க நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் அவளை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. இப்பவே."

"அவளைக் கேக்காம..."

"கேட்டுட்டுக் கூட்டிட்டு வாங்க. நான் வீட்டுலதான் இருக்கேன்."

பூசணத்தார் ஸ்கூட்டரை எடுத்தார். வழியெல்லாம், முன்னால் போகிற ஒவ்வொரு வண்டியும் மாப்பிள்ளையின் வண்டியாகத் தெரிந்தது.

விலங்கு மருத்துவமனையில் தங்கை ஒரு முயலின் எடையைக் குறித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் நின்ற நிலையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. முயல்காரரை உட்காரச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நடந்ததை அவர் மரத்தடியிலேயே நின்று சொன்னார். வீடியோ எடுத்ததைச் சொல்லும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"உன் பேரைக் கெடுத்துக்கிட்டியேண்ணா."

"பல் செட்டுக்கு யாரும் பேர் பார்க்க மாட்டாங்க. நீ கிளம்பு. அண்ணி காத்துட்டு இருக்கா."

"சனிக்கிழமைன்னு மனசுக்குள்ள சொல்லிச் சொல்லியே இத்தனை நாள் ஓட்டினேன். இப்பவேன்னா கால் வரமாட்டேங்குது" என்றாள். உள்ளே போய் டாக்டரம்மாவிடம் ஏதோ பேசினாள். டாக்டரம்மா கண்ணாடிக் கதவு வழியாகப் பூசணத்தாரைப் பார்த்துத் தலையசைத்தார். தங்கை கைப்பையோடு வந்தாள். ஸ்கூட்டருக்கு வராமல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"பாப்பா, நேரமாகுது."

"ஒரே நிமிஷம். நான் இங்க உட்கார்ந்து, யாரும் பார்க்காம, ஒரே ஒரு நிமிஷம் இருந்துக்கறேனே."

பூசணத்தார் பூங்காவுக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். அடுக்குமாடியின் உச்சியில் அந்த பால்கனி கட்டைவிரல் நகம் அளவு தெரிந்தது. அதில் யாரும் இல்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்தாள். கொட்டாவி விட்டாள். தலையைச் சொறிந்தாள். ஒரு மனுஷி தன்பாட்டுக்குக் கொட்டாவி விடுவதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரி பூசணத்தார் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் கைப்பேசி அடித்தது. யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"எடுக்காத" என்றார்.

அவள் எடுத்தாள். அவருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"எங்கம்மா இருக்க?" என்றது அந்த நிதானக் குரல்.

"பெஞ்சுல. நான் அண்ணா வீட்டுக்குப் போறேங்க. உங்க வீட்டுக்கு வரல. அப்புறம், லென்ஸை எடுத்தது அண்ணா இல்ல. நான்தான். அந்த வீடியோவை அழிச்சுடுங்க."

கடைசி வார்த்தைகளில் குரல் உடைந்தது. ஆனாலும் முழுசாகச் சொல்லி முடித்துவிட்டாள்.

மறுமுனையில் சின்னதாக ஒரு சிரிப்பு.

"நீதான்னு அன்னிக்கே தெரியும்மா. யார் வாயில இருந்து வருதுன்னு பார்க்கலாம்னு இருந்தேன். மச்சானுக்குப் பொய் சொல்லவே வராது, பாவம்." ஏதோ ஒரு டம்ளரைக் கீழே வைக்கிற ஓசை. "அண்ணா வீட்டுக்குத்தானே? வா. நான் இங்கதான் இருக்கேன். உங்க அண்ணி டீ போட்டுக் குடுத்தாங்க. ரெண்டு பேரும் மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல."

இணைப்பு அறுந்தது.

வீட்டில் பூசணத்தாரின் மனைவி மட்டும்தான். தங்கையை அங்கே கூட்டிப் போகவும் முடியாது, இங்கே விட்டுவிட்டுப் போகவும் முடியாது. வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சட்டைப்பையில் தேடினார்.

"நீ உள்ள போய் டாக்டரம்மாகிட்ட இரு. நான் மட்டும்..."

"இல்லண்ணா." தங்கை செருப்பை மாட்டிக்கொண்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் கையில் இருந்த சாவியை அவளே எடுத்து வண்டியில் போட்டாள். "என்னால வந்தது. அண்ணி தனியா இருக்காங்க. நீ பின்னாடி ஏறு, நான் ஓட்டறேன்."